வைப்பும் வாக்கும்

நுழையும்முன்

வங்கிக்குள் செல்லும் ஒருவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிப் பதிவைப் பெற்றுத் திரும்புகிறார். பணம் அவர் கையை விட்டுப் போய்விட்டது; இருப்பது பதிவு மட்டுமே. ஆயினும் அவர் அச்சமின்றி உறங்குகிறார். அந்த அச்சமின்மை எளிதில் வந்ததன்று. அதற்குப் பின்னால் இழந்தோரின் கண்ணீரும், சட்டங்களும், சில மனிதர்களின் துணிவும் உள்ளன. சென்னையில் ஒரு பெருநிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து பிறந்து, நூற்றாண்டைக் கடந்து நிற்கும் இந்தியன் வங்கியின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னை கலங்கிய நாள்

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த அர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது என்னும் செய்தி நகரெங்கும் பரவியது. அக்காலச் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களாக விளங்கின. அவற்றுள் அர்பத்நாட், வணிகத்தோடு மக்களிடமிருந்து வைப்புத்தொகை பெற்று வட்டி அளிக்கும் தொழிலையும் செய்துவந்தது. நூறாண்டுக்கு அணித்தான பழைமையும், அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டின் செல்வாக்கும் மக்களை ஈர்த்தன. ஓய்வுபெற்ற அலுவலர்கள் தம் சேமிப்பையும், கைம்பெண்கள் தம் வாழ்வுக்கான ஒரே ஆதாரத்தையும், நிலக்கிழார்கள் தம் விளைச்சல் வருவாயையும் அங்கு ஒப்படைத்திருந்தனர். கடன்கொடுத்தோர் தொகை ஏறத்தாழ ஏழாயிரம்.

வீழ்ச்சிக்கான காரணம் சென்னையில் இல்லை, இலண்டனில் இருந்தது. அங்கே நிறுவனத்தின் அலுவல்களைக் கவனித்த பங்காளி மெக்ஃபேடியன் என்பார் ஊக வணிகத்தில் பெரும்பணத்தை முடக்கி இழந்தார். இழப்பு வெளிப்படவிருந்த வேளையில் இலண்டன் சுரங்க இரயில்பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடர்ந்து சென்னை நிறுவனமும் நொடித்தது. சென்னையில் பணம் போட்டவருக்கு அது எங்கே, எதில் முடக்கப்பட்டது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பங்காளிகள் சிலரின் கூட்டு நிறுவனமாக அது இயங்கியதால் தன் வரவு செலவுகளைப் பொதுமக்கள் முன் வைக்கும் கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. 'வெள்ளையர் நிறுவனம் பொய்யாகாது' என்ற எண்ணம் ஒன்றே பிணையாக இருந்தது. அந்தப் பிணை ஒரே நாளில் செல்லாததாயிற்று.

சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1907ஆம் ஆண்டில் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆளும் இனத்தைச் சேர்ந்த செல்வர் ஒருவர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அன்றைய சென்னைக்குப் புதுமை. எனினும், தண்டனை எவர் வீட்டு உலையிலும் அரிசியைப் போடவில்லை. வைத்த பணத்தின் பெரும்பகுதி போனது போனதுதான்.

முதலும் பொலிசையும்

பிறரை நம்பிப் பொருளை ஒப்படைத்து அதன் பயனைப் பெறுவது தமிழகத்துக்குப் புதிய வழக்கமன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கப் 'பொலிசை' என்னும் சொல் வழங்குகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டன. சபையார், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்த உடன்பட்டனர். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று இன்று கணக்கிடுவோம். முதல் குறையாதிருக்க, பொலிசை மட்டும் விளக்குக்கும் பூசைக்கும் செலவாயிற்று. பெற்றவர் யார், தொகை எவ்வளவு, செலுத்துவது எப்போது என்பவை கல்லில் வெட்டப்பட்டு எல்லார் கண்ணிலும் படும்படி நின்றன. ஊரறிந்த ஏற்பாடாக அது இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் முறையைக் கொண்டு பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் கொடுக்கல் வாங்கலைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். ஓர் ஊரில் கட்டிய பணத்துக்கு மற்றோர் ஊரில் உண்டியலைக் காட்டிப் பணம் பெறலாம். அத்தொழில் வாக்கையும் குடும்பப் பெயரையும் அடித்தளமாகக் கொண்டது. ஆயினும் ஒருவரை ஒருவர் அறிந்த வட்டத்துக்குள்தான் வாக்கு செல்லும். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரிடம் பணம் பெற்று, முன்பின் அறியாத வேறு பலருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு வாக்கு மட்டும் போதாது.

வங்கி இயங்கும் முறையை நோக்கினால் இது விளங்கும். வைப்பாளர் கொடுத்த பணம் முழுவதும் பெட்டகத்தில் உறங்குவதில்லை. ஒரு பகுதியை ரொக்க இருப்பாக வைத்துக்கொண்டு எஞ்சியதை வங்கி கடனாக வழங்குகிறது. கடனுக்குப் பெறும் வட்டிக்கும் வைப்புக்குத் தரும் வட்டிக்கும் உள்ள இடைவெளியே அதன் வருவாய். வைப்பாளர் எல்லாரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்டால், நேர்மையாக நடக்கும் வங்கியாலும் கொடுக்க இயலாது. ஆகவே, கேட்கும் எண்ணம் எல்லாருக்கும் ஒரே நாளில் தோன்றாதபடி நடந்துகொள்வதே வங்கித் தொழிலின் உயிர்நிலை.

வழக்கறிஞர் விடுத்த வேண்டுகோள்

அர்பத்நாட் நொடித்த பதினோராம் நாள், அதாவது 1906 நவம்பர் 2 அன்று, சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். இந்தியர்களால் நடத்தப்படும் வங்கி ஒன்று சென்னையில் அமைய ஆதரவு தருமாறு அது வேண்டியது. அர்பத்நாட் வழக்கில் கடன்கொடுத்தோர் சார்பில் நின்றவர் அவரே. இழந்ததை மீட்க நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே, இனி இழக்காதிருக்க ஒரு நிறுவனத்தையும் அவர் எண்ணினார்.

தஞ்சை மாவட்டத் திருவிடைமருதூரில் 1863ஆம் ஆண்டு பிறந்த கிருஷ்ணசாமி ஐயர், நிறுவனங்களைத் தோற்றுவிப்பதில் தனி ஈடுபாடு கொண்டவர். மயிலாப்பூரில் ஆயுர்வேத மருத்துவமனையையும் வடமொழிக் கல்லூரியையும் நிறுவியவர். அரசியலில் மிதவாதி. ஆனால், தீவிரவாதப் பிரிவைச் சேர்ந்த பாரதியாரை ஜி. ஏ. நடேசன் 1907இல் அவரிடம் அழைத்துச் சென்றபோது, பாடல்களைக் கேட்டு உருகி, அவற்றுள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். கொள்கையில் எதிர்நிலையில் நின்ற ஒருவரின் கவிதைக்குத் தம் பணத்தைச் செலவிட்ட அந்த ஆண்டிலேயே, பிறர் பணத்தைக் காக்கும் வங்கியையும் அவர் தொடங்கினார் என்பது இலக்கியம் பயில்வோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

காலமும் அவருக்குத் துணைநின்றது. வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி உணர்வு நாடெங்கும் பொங்கியிருந்தது. அர்பத்நாட் வீழ்வதற்கு ஆறு நாள்களுக்கு முன், 1906 அக்டோபர் 16 அன்றுதான், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. கப்பலிலும் வங்கியிலும் அந்நியரை நம்பியிருக்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் ஒரே காலத்தில் இருவேறு துறைகளில் உருப்பெற்றது.

1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. ஆகஸ்டு 15 அன்று சென்னைப் பாரி கட்டடத்தில் தன் பணியைத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த நாளே நாட்டின் விடுதலை நாளாகும் என்று அன்று எவரும் அறிந்திருக்க முடியாது. நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்த இராமசாமி செட்டியார், அவர் தம்பி அண்ணாமலை செட்டியார் முதலியோரின் ஆதரவு புதிய வங்கிக்கு வலுவூட்டியது. வழக்கறிஞரின் சட்ட அறிவும் வணிகரின் பட்டறிவும் ஒன்றாயின.

பழைய நிறுவனத்துக்கும் புதிய வங்கிக்கும் இருந்த வேறுபாடு இந்தியர், ஆங்கிலேயர் என்பது மட்டுமன்று. புதியது பங்குகளால் ஆன கூட்டுப்பங்கு நிறுமம். அதன் இயக்குநர்கள் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பைத் தணிக்கைக்கு உட்படுத்தி வெளியிட வேண்டும். கோயில் சுவரில் வெட்டப்பட்ட கணக்கைப்போல, இதுவும் பிறர் படித்துப் பார்க்கக்கூடிய கணக்காயிற்று. கிருஷ்ணசாமி ஐயர் வங்கியின் வளர்ச்சியை நெடுங்காலம் காணவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் ஆளுநரின் நிருவாகக் குழு உறுப்பினராகவும் உயர்ந்து, 1911 டிசம்பரில் 48ஆம் வயதில் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

சென்னை வங்கி 1843இல் தொடங்கப்பட்டது. வங்காளம், பம்பாய் மாகாண வங்கிகளோடு அது 1921இல் இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. அதுவே 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. கும்பகோணத்தில் 1904இலும், கரூரில் 1916இலும், தூத்துக்குடியில் 1921இலும் தொடங்கப்பட்ட வங்கிகள் முறையே சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைசியா வங்கி, தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்னும் பெயர்களில் இன்றும் இயங்குகின்றன.

அலைகளுக்கு நடுவே

சுதேசி உணர்வில் பிறந்த வங்கிகள் பல நெடுங்காலம் வாழவில்லை. 1913 முதல் சில ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் வங்கிகள் அடுத்தடுத்து நொடித்தன. உணர்ச்சி முதலைச் சேர்க்கும். அதைக் காப்பதற்கு வேறு பண்புகள் வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அக்காலத்தில் வங்கிகளைக் கண்காணிக்க நடுவண் வங்கி கிடையாது. இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்கப்பட்டது. வங்கிகளுக்கெனத் தனிச்சட்டம் 1949இல்தான் வந்தது. இவை இல்லாத காலத்திலும் இந்தியன் வங்கி நிலைத்தது.

தமிழர் கடல் கடந்து சென்ற வழியே வங்கியும் சென்றது. 1932இல் கொழும்பிலும், 1940இல் இரங்கூனிலும், 1941இல் சிங்கப்பூரிலும் கிளைகள் திறக்கப்பட்டன. அடுத்த சில மாதங்களில் ஜப்பானியப் படைகள் தென்கிழக்காசியாவில் புகுந்தன. தொழிலும் குடும்பமும் சிதறிய அக்காலத்தில் வங்கிக்கிளைகள் மட்டும் எவ்வாறு பிழைக்கும்? போர் முடிந்தபின் உறவுகள் மீண்டும் தொடங்கின. ஆனால், பர்மாவில் 1963இல் வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாக்கப்பட்டபோது இரங்கூன் கிளையும் கைவிட்டுப் போனது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வங்கி இன்றும் இயங்குகிறது.

உள்நாட்டில் 1960களில் சேலம் வங்கி, மன்னார்குடி வங்கி, திருச்சி யுனைடெட் வங்கி முதலிய சிறு வங்கிகள் இந்தியன் வங்கியுடன் இணைந்தன. இதற்கொரு பின்னணி உண்டு. 1960இல் கேரளத்தின் பாலா மத்திய வங்கி வீழ்ந்தது, அர்பத்நாட் கதையை மீண்டும் நினைவூட்டியது. அதன் விளைவாகச் சிறிய, வலுவற்ற வங்கிகளைப் பெரியவற்றோடு இணைக்கும் பணி விரைவு பெற்றது. 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடும் அறிமுகமாயிற்று. வங்கி நொடித்தாலும் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்பது தொடக்கக்கால வரம்பு.

நகரிலிருந்து ஊருக்கு

1969 ஜூலை 19 அன்று நாட்டின் 14 பெரிய வங்கிகள் அரசுடைமையாயின. அவற்றுள் இந்தியன் வங்கியும் ஒன்று. அதுவரை வங்கி என்பது வணிகர்க்கும் மாதச் சம்பளக்காரர்க்கும் உரிய இடமாகவே இருந்தது. உழவர் விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்காரரையே நாடினர். மழை பொய்த்தால் நிலம் கைமாறும். அந்நிலையை மாற்றும் நோக்குடன் மாவட்டந்தோறும் ஒரு வங்கி முன்னோடி வங்கியாக அறிவிக்கப்பட்டது. சேலம், தருமபுரி உள்ளிட்ட வடதமிழக மாவட்டங்களில் அப்பொறுப்பு இந்தியன் வங்கிக்கு வாய்த்தது. மாவட்டத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் தேவை எனத் திட்டமிடுவதும், பிற வங்கிகளை ஒருங்கிணைப்பதும் முன்னோடி வங்கியின் வேலை.

வங்கி ஊருக்கு வந்தபோது சில பழக்கங்களும் மாற வேண்டியிருந்தன. கையெழுத்திட அறியாதவர் கைந்நாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கினர். பயிர்க்கடனும் நகைக்கடனும் கறவைமாட்டுக் கடனும் கிளை மேலாளரின் அன்றாட அலுவலாயின. காசாளர், படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு நிரப்பிக் கொடுப்பவராகவும் ஆனார். எல்லாக் கிளைகளிலும் இது ஒரேபோல் நடந்தது என்று கூற இயலாது. சிற்றூரிலிருந்து வந்தவரைக் கதவோரம் காத்திருக்க வைத்த இடங்களும் உண்டு. எனினும், கடன் கேட்பது இரத்தல் அன்று, குடிமகனின் உரிமை என்னும் எண்ணம் அக்காலத்தில்தான் வேரூன்றத் தொடங்கியது.

உள்ளிருந்து எழுந்த நெருக்கடி

நிறுவன வரலாறுகள் பெரும்பாலும் வெற்றிகளை வரிசைப்படுத்தி, தோல்விகளை ஒரு வரியில் கடந்துவிடும். இந்தியன் வங்கியின் வரலாற்றை அவ்வாறு எழுதினால் அதன் பாதிப் பொருள் மறைந்துபோகும்.

1990இல், நலிவுற்றிருந்த தஞ்சாவூர் வங்கியை அதன் 157 கிளைகளோடு இந்தியன் வங்கி ஏற்றுக்கொண்டது. பிறரை மீட்ட அவ்வங்கியே அடுத்த சில ஆண்டுகளில் மீட்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது. 1990களின் முற்பகுதியில் வங்கிகளின் கணக்கியல் விதிகள் கடுமையாயின. திரும்பி வராத கடனை வந்ததுபோல் கணக்கில் காட்ட இனி இடமில்லை. அவ்வொளியில் பார்த்தபோது, பெருந்தொழில் நடத்தியோர்க்கு உரிய ஆய்வின்றியும் போதிய ஈடின்றியும் வழங்கப்பட்ட பெருங்கடன்கள் வெளிப்பட்டன. 1995-96ஆம் நிதியாண்டில் வங்கி ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலான இழப்பைக் கணக்கில் காட்டியது. விசாரணைகளும் வழக்குகளும் தொடர்ந்தன; உயர்பொறுப்பில் இருந்தோரும் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அர்பத்நாட் வீழ்ந்ததும் இவ்வாறே: வைப்பாளரின் பணம், அவர் அறியாமல், திரும்பாத இடத்துக்குச் சென்றது. ஆனால் முடிவு வேறாக இருந்தது. வங்கி அரசுடைமையாக இருந்தது; கண்காணிக்க ரிசர்வ் வங்கி இருந்தது; இழப்பு ஏடுகளில் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. அரசு பலமுறை மூலதனம் அளித்துத் தாங்கியது. வைப்பாளர் எவரும் தம் தொகையை இழக்கவில்லை. அதே வேளையில், அந்த மூலதனம் வானிலிருந்து விழுந்ததன்று என்பதையும் மறத்தல் கூடாது. மக்கள் வரியாகச் செலுத்திய பணத்திலிருந்து அது வந்தது. கடனைத் திருப்பாத சிலரின் சுமையைக் கடனே வாங்காத பலர் சுமந்தனர்.

2000ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பேற்ற இரஞ்சனா குமார், வாராக்கடன் வசூலிலும் செலவுக் குறைப்பிலும் கருத்தைச் செலுத்தினார். இலாபம் தராத கிளைகள் இணைக்கப்பட்டன. விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ்ப் பணியாளர் பலர் விடைபெற்றனர். வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கிளைகளில் கழித்தவர்களுக்கு அது எளிய விடைபெறலாக இருந்திருக்காது. 2001-02இல் வங்கி மீண்டும் இலாபம் ஈட்டியது. 2007ஆம் ஆண்டு, தன் நூற்றாண்டில், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது அவற்றை வாங்க மக்கள் முன்வந்தனர்.

தருமபுரியின் தீர்மானப் புத்தகம்

நகரத்துப் பெருங்கடன்கள் முடங்கத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், அதே வங்கியின் சிற்றூர்க் கிளைகளில் வேறொரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழக அரசு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அத்திட்டத்தில் பங்கேற்ற வங்கி இந்தியன் வங்கி. மானாவாரி வேளாண்மையும் வறட்சியும் மிகுந்த மாவட்டம் அது. பெண்களின் பெயரில் நிலமோ வீடோ இருப்பது அரிது. ஈடு காட்ட இயலாதவருக்குக் கடன் இல்லை என்பதே வங்கித் தொழிலின் பழைய விதி. அந்த விதியின்படி அப்பெண்கள் ஒருநாளும் வங்கிப் படியேறியிருக்க முடியாது.

குழுவின் அமைப்பு எளியது. ஒரே ஊரைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் ஒன்றுசேர்வர். வாரந்தோறும் குறித்த நாளில் கூடி ஆளுக்குச் சிறுதொகை சந்தாவாகச் செலுத்துவர். ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் தேர்ந்தெடுக்கப்படுவர். யார் எவ்வளவு செலுத்தினார், யாருக்கு எதற்காகக் கடன், எத்தனை தவணை என்பவை எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கா, ஆடு வாங்கவா, மருத்துவத்துக்கா எனக் கேட்டுத் தேவையின் அவசரத்தை அவர்களே எடைபோடுவர். சில மாதங்கள் இவ்வாறு சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கிப் பழகிய குழுவுக்கு வங்கி கடன் அளிக்கும். கடன் தனி ஒருவருக்கன்று, குழுவுக்கு. ஒருவர் தவணை தவறினால் மற்றவர் கேட்பர். காகிதத்தில் எழுதிய ஈட்டுக்கு மாற்றாக, அடுத்த வீட்டாரின் கண் ஈடாயிற்று.

இம்முறைக்கும் நிறை குறைகள் உண்டு. தவணை நாள் நெருங்கும்போது நலிந்த உறுப்பினர் மீது மற்றவர் நெருக்குதல் கூடுவதும், குழுக்கடனைக் குடும்பத்து ஆண்கள் பயன்படுத்திக்கொள்வதும் நடந்தன. ஆயினும், ஈடின்றிக் கொடுத்த கடன்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன என்பதே வங்கி கண்ட உண்மை. பல கோடி பெற்ற பெருங்கடனாளியைத் தேடி நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது; சில ஆயிரம் பெற்ற பெண்களோ தாமே நடந்து வந்து கட்டினர். கடன் பெறும் தகுதி எது என்பதை வங்கி புதிதாகக் கற்ற இடம் தருமபுரி. 1992இல் நபார்டு வங்கி நாடளாவிய அளவில் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. தமிழகத்தில் 1997 முதல் மகளிர் திட்டமாக இது விரிந்தது.

கணக்கு எண்ணின் வரிசை

2020 ஏப்ரல் 1 அன்று, 1865இல் தொடங்கப்பட்ட அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைந்தது. தென்னகத்து வங்கியின் பெயரை வடநாட்டு ஊர்களும் தாங்கலாயின. சாதாரணக் காலமாயின் விழா எடுத்திருப்பர். ஆனால் அன்று நாடு ஊரடங்கில் இருந்தது. கொரோனா நோய்த்தொற்றின் அச்சத்தால் கடைகளும் பள்ளிகளும் அடைக்கப்பட்டிருந்தன. வங்கிக் கிளைகள் திறந்திருந்தன.

வேலையிழந்த குடும்பங்களுக்கு உதவும் பொருட்டு, பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய் செலுத்த நடுவண் அரசு முடிவு செய்தது. கோடிக்கணக்கான கணக்குகள், எல்லாரும் ஒரே நாளில் வந்தால் நெரிசலில் நோய் பரவும். ஆகவே, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு நாள் பிரிக்கப்பட்டது. 0, 1 என முடிந்தால் ஏப்ரல் 3. 2, 3 என முடிந்தால் ஏப்ரல் 4. இவ்வாறு 8, 9 வரை ஏப்ரல் 9க்குள் முடியும்படி எல்லா வங்கிகளும் பணம் வழங்கின. முகக்கவசம் அணிந்த காசாளர்கள், நோய் தமக்கும் தொற்றக்கூடும் என்பதை அறிந்தே அந்நாள்களில் பணியில் இருந்தனர்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வைப்புக் காப்பீட்டின் வரம்பு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. அர்பத்நாட் நிறுவனம் இருந்த கடற்கரைச் சாலை இன்று இராஜாஜி சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகக் கட்டடம் நிற்பதும் அச்சாலையில்தான். 1906இல் தம் பணத்தைக் கேட்டு அங்கு நின்றவர்களுக்கு எந்த நாளும் குறிக்கப்படவில்லை. 2020 ஏப்ரலில், தரையில் சுண்ணாம்பால் வரைந்த வட்டங்களுக்குள் இடைவெளி விட்டு நின்ற பெண்களின் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. அதன் கடைசி இலக்கம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.